ஆல்கீன் வினைகளை மனப்பாடம் செய்யாமல் எழுதுவது எப்படி

பதினொன்றாம் வகுப்பு ஹைட்ரோகார்பன் பாடத்தில் ஆல்கீன், அதாவது கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள ஹைட்ரோகார்பன், வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது ஒன்றுதான். ஒரு நீளத் தாளை எடுத்து, இடப்பக்கம் வினைப்பொருள், வலப்பக்கம் விளைபொருள் என்று அட்டவணை போட்டு, தேர்வுக்கு முந்தின இரவு வரை உருப்போடுவார்கள். அட்டவணையில் இருந்த அதே புரொப்பீனைக் கேட்டால் மதிப்பெண் வந்துவிடும். ஒரு மெத்தில் தொகுதியைக் கூடுதலாக ஒட்டிக் கேட்டால் போச்சு. நீட் தேர்விலும் கல்லூரி முதலாண்டிலும் இப்படி மாற்றிக் கேட்பதுதான் வழக்கம். அதனால் அட்டவணையை ஓரமாக வையுங்கள். இரட்டைப் பிணைப்பின் மேல் முதலில் வந்து ஒட்டுவது எது என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றதெல்லாம் அநேகமாகத் தானாக வரும். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும், வரைந்துகொண்டே படித்தால்தான் கையில் நிற்கும்.

முதலில் அமைப்பு

ஈத்தீனை வரையுங்கள். இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். ஒவ்வொரு கார்பனும் எஸ்பி2 இனக்கலப்பில் இருக்கிறது, அதாவது மூன்று சிக்மா பிணைப்புகள் ஒரே தளத்தில், ஏறக்குறைய 120 டிகிரி இடைவெளியில். மீதி இருக்கும் ஒரு பி ஆர்பிட்டால் அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக மேலும் கீழுமாக நிற்கும். பக்கத்துக் கார்பனின் பி ஆர்பிட்டாலோடு அது பக்கவாட்டில் மேற்பொருந்தினால் வருவது பை பிணைப்பு. ஆக ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் தட்டையாக இருக்க, பை எலக்ட்ரான்கள் அந்தத் தளத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்கின்றன.

இதில் இரண்டு எண்களை மட்டும் நினைவில் வையுங்கள். ஈத்தேனில் கார்பன்-கார்பன் நீளம் 154 பிக்கோமீட்டர், ஈத்தீனில் 134. ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 348 கிலோஜூல் வேண்டும், இரட்டைப் பிணைப்புக்குச் சுமார் 611. இரண்டு பிணைப்பு இருந்தால் இரு மடங்கு ஆகியிருக்க வேண்டும் இல்லையா, ஆகவில்லை. கழித்துப் பாருங்கள், பை பிணைப்பின் பங்கு 263 அளவில்தான் வரும். அதாவது அது சிக்மாவை விட இளகியது, அதோடு வெளியே தெரிகிற இடத்தில் இருக்கிறது. எலக்ட்ரான் தேடி அலைகிற எதுவும் முதலில் அங்கேதான் வரும். ஆல்கீனின் வேதியியல் முழுக்க இந்த ஒரு காரணத்திலிருந்து கிளம்புகிறது.

இன்னொரு விளைவும் உண்டு. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி கார்பன் சுழலலாம், இரட்டைப் பிணைப்பைச் சுற்றி முடியாது, சுழன்றால் பை பிணைப்பு அறுந்துவிடும். அதனால்தான் வடிவ மாற்றியங்கள் வருகின்றன, அதாவது அணுக்கள் இணைந்திருக்கும் வரிசை ஒன்றே, இடவமைப்பு மட்டும் வேறு. ஒரு ஆல்கீனுக்கு வடிவ மாற்றியம் உண்டா என்று கேட்டால், இரண்டு கார்பனையும் தனித்தனியாகப் பாருங்கள்: ஏதாவது ஒரு கார்பனில் இரண்டு தொகுதிகளும் ஒன்றாக இருந்தால் கிடையாது, அவ்வளவுதான். பியூட்-1-ஈனில் கடைசிக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், எனவே இல்லை. பியூட்-2-ஈனில் இருபுறமும் ஒரு மெத்தில் ஒரு ஹைட்ரஜன், எனவே உண்டு: இரண்டு மெத்திலும் ஒரே பக்கம் என்றால் சிஸ், எதிரெதிர் என்றால் டிரான்ஸ்.

நான்கு தொகுதிகளும் வெவ்வேறாக இருந்தால் சிஸ், டிரான்ஸ் என்ற பெயர்கள் போதாது, இ (E), இசட் (Z) வேண்டும். ஒவ்வொரு கார்பனிலும், அதோடு நேரடியாகப் பிணைந்த அணுவின் அணு எண் அதிகமாக உள்ள தொகுதிக்கு முன்னுரிமை. முன்னுரிமை பெற்ற இரண்டும் ஒரே பக்கம் என்றால் இசட், எதிரெதிர் என்றால் இ. சிஸ் என்றாலே இசட் என்று நினைத்துக்கொள்வதுதான் இங்கே நிறையப் பேர் விழுகிற குழி. 2-புரோமோபியூட்-2-ஈனை வரைந்து, இரண்டு மெத்திலையும் ஒரே பக்கம் வையுங்கள். பார்க்க சிஸ் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டாம் கார்பனில் முன்னுரிமை மெத்திலுக்கு இல்லை, புரோமினுக்கு. அது எதிர்ப்பக்கம் இருக்கிறது. எனவே அது இ.

எது நிலையானது என்ற கேள்வி அடிக்கடி வரும். ஹைட்ரஜனேற்றம் செய்தால், அதாவது இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்தால், பியூட்-1-ஈன், சிஸ்-பியூட்-2-ஈன், டிரான்ஸ்-பியூட்-2-ஈன் மூன்றும் ஒரே பியூட்டேனைத்தான் தரும், ஆனால் வெளிவிடும் வெப்பம் முறையே மோலுக்குச் சுமார் 127, 120, 116 கிலோஜூல். குறைவாக வெப்பம் விடுவது ஏற்கெனவே தாழ்ந்த ஆற்றலில் இருக்கிறது என்று பொருள். இரட்டைப் பிணைப்பில் ஆல்கைல் தொகுதிகள் கூடக் கூட நிலைப்புத்தன்மை கூடும், சிஸ்ஸில் இரண்டு மெத்திலும் நெருக்கியடித்துக்கொள்வதால் டிரான்ஸ் ஒரு படி மேல்.

ஹைட்ரஜனேற்றம் என்றதும் வனஸ்பதியைச் சொல்லாமல் போக முடியாது. தாவர எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் இயற்கையில் அநேகமாக எல்லாமே சிஸ். நிக்கல் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தும்போது முதல் ஹைட்ரஜன் ஒட்டியதும் அந்த இடம் தற்காலிகமாக ஒற்றைப் பிணைப்பாகிறது, சுழல முடிகிறது. இரண்டாவது ஹைட்ரஜன் வந்து சேர்வதற்குள் ஒரு ஹைட்ரஜன் திரும்பக் கழன்றுபோனால் இரட்டைப் பிணைப்பு மறுபடி உருவாகும், ஆனால் இந்த முறை டிரான்ஸாகவும் உருவாகலாம். டிரான்ஸ் கொழுப்பு வருகிற வழி இதுதான். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் தொழில்முறை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. முழுமையாக ஹைட்ரஜனேற்றம் செய்தால் இரட்டைப் பிணைப்பே இருக்காது, டிரான்ஸும் இருக்காது. அரைகுறையாக நிறுத்துவதில்தான் சிக்கல்.

முதலில் ஒட்டுவது எது?

இப்போது முக்கியமான இடம். புரொப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு. கார்பன்களுக்கு எண் போடுங்கள்: 1-ஆம் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், 2-ஆம் கார்பனில் ஒன்று, 3 மெத்தில். ஹைட்ரஜன் புரோமைடில் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்சுமை, எனவே பை எலக்ட்ரான்கள் கைநீட்டிப் பிடிப்பது ஹைட்ரஜனைத்தான். முதலில் ஒட்டுவது ஹைட்ரஜன். அது 1-இல் ஒட்டினால் நேர்மின்சுமை 2-இல் நிற்கும், அது ஈரிணைய கார்பன் நேரயனி, அதாவது நேர்மின்சுமை நிற்கும் கார்பனோடு வேறு இரண்டு கார்பன் இணைந்திருக்கிறது. 2-இல் ஒட்டினால் மின்சுமை 1-இல், ஓரிணைய அயனி. ஈரிணையம்தான் நிலையானது, அதனால் ஹைட்ரஜன் 1-க்குப் போகிறது, அப்புறம் புரோமைடு அயனி வந்து 2-இல் உட்கார்கிறது. விடை 2-புரோமோபுரொப்பேன்.

இதையே மார்கோவ்னிகாஃப் 1870 வாக்கில், ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும் என்று விதியாகச் சொன்னார். கார்பன் நேரயனி பற்றி அன்று யாருக்கும் தெரியாது, பார்த்ததை வைத்துச் சொன்னார். விதி நல்ல விதிதான், ஆனால் ஹைட்ரஜன்களை எண்ணுவதை மட்டும் பழகியவர்கள் 1-ஃபினைல்புரொப்பீனில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே இரண்டு கார்பனிலும் ஆளுக்கு ஒரு ஹைட்ரஜன்தான். எண்ணி என்ன செய்வது? அயனியைப் பாருங்கள்: பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பனில் நேர்மின்சுமை நின்றால் வளையம் உடனிசைவால், அதாவது மின்சுமையைத் தன் மேல் பரப்பிக்கொண்டு, அதைத் தாங்கும். எனவே புரோமின் அங்கேதான். இன்னொன்று, மெத்தில் தொகுதியின் மூன்று ஹைட்ரஜனுக்கும் பதில் ஃபுளூரின் உள்ள புரொப்பீன், அதாவது 3,3,3-டிரைஃபுளூரோபுரொப்பீன். எலக்ட்ரானை உறிஞ்சும் அந்தத் தொகுதிக்குப் பக்கத்தில் நேர்மின்சுமை நிற்க விரும்பாது, ஆகவே விதிக்கு நேர்மாறாக புரோமின் கடைசிக் கார்பனுக்குப் போகிறது. அயனியின் நிலைப்பைப் பார்க்கப் பழகினால் இவை எதுவும் விதிவிலக்காகவே தெரியாது.

அடுத்தது பெராக்சைடு. 1933-இல் சிகாகோவில் காரஷும் மேயோவும் காட்டியது இது: பெராக்சைடு கலந்திருந்தால் ஹைட்ரஜன் புரோமைடு தலைகீழாகச் சேர்கிறது. அதே கேள்வியைக் கேளுங்கள், முதலில் ஒட்டுவது எது? இங்கே அயனி இல்லை, தனி உறுப்பு வழி, அதாவது ஜோடி சேராத ஒற்றை எலக்ட்ரான் உள்ள துகள்கள் வழி. பெராக்சைடு உடைந்து, ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து, புரோமின் அணுவை விடுவிக்கிறது. ஆக முதலில் வருவது புரோமின். அது 1-இல் ஒட்டினால் தனி எலக்ட்ரான் 2-இல் நிற்கும், அங்கேதான் அது நிலையாக இருக்கும். பிறகு ஹைட்ரஜன் 2-க்கு. விடை 1-புரோமோபுரொப்பேன். காரணம் அப்படியே இருக்கிறது, வந்து சேர்கிற வரிசைதான் மாறியிருக்கிறது. இது ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும் பொருந்தும் என்பதை மறக்காதீர்கள்: ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு தனி உறுப்பால் உடைக்க முடியாத அளவுக்கு வலுவானது, அயோடின் அணுவோ இரட்டைப் பிணைப்பில் சேருவதற்கே ஆற்றல் கேட்கும். பெராக்சைடு என்று பார்த்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு தலைகீழாக எழுதுபவர்களுக்காகவே ஹைட்ரஜன் குளோரைடைக் கொடுத்துக் கேட்பார்கள்.

ஹைட்ரோபோரேற்றமும் இதே கணக்குதான். இந்த வினைக்காக எச். சி. பிரவுன் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். போரேனில் போரானுக்கு எட்டு எலக்ட்ரான் நிறையவில்லை, எலக்ட்ரான் தேடுவது அதுதான். எனவே போரான் நெரிசல் குறைந்த கடைசிக் கார்பனைப் பிடிக்கிறது, ஹைட்ரஜன் அதே நேரத்தில் அதே பக்கத்திலிருந்து மற்றக் கார்பனுக்குப் போகிறது. பிறகு காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, போரான் இருந்த இடத்திலேயே ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. புரொப்பீனிலிருந்து புரொப்பேன்-1-ஆல். எதிர் மார்கோவ்னிகாஃப் என்று தனித் தலைப்பில் போட்டு மாணவர்களைப் பயமுறுத்துவது தேவையே இல்லை என்பது என் கட்சி.

அயனி இடம் மாறும்

கார்பன் நேரயனி உருவாகிற எந்த வினையிலும், அதை எழுதியதும் ஒரு நொடி நின்று பக்கத்துக் கார்பனைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு ஹைட்ரஜனோ மெத்திலோ தன் எலக்ட்ரான் ஜோடியோடு தாவினால் இன்னும் நிலையான அயனி கிடைக்குமா? கிடைக்கும் என்றால் தாவும். 3-மெத்தில்பியூட்-1-ஈனில் ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்தால் முதலில் ஈரிணைய அயனி, பக்கத்துக் கார்பனிலிருந்து ஹைட்ரஜன் தாவினால் மூவிணைய அயனி. அதனால் 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன் மட்டும் வராது, 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேனும் கணிசமாக வரும். நீர்த்த கந்தக அமிலத்தில் நீரேற்றம் செய்யும்போதும் இதே தொல்லை உண்டு. இடமாற்றம் வேண்டாம் என்றால் மெர்க்குரி அசிட்டேட்டும் நீரும், பிறகு சோடியம் போரோஹைட்ரைடு: மெர்க்குரி இரண்டு கார்பனையும் பிடித்துக்கொண்டிருப்பதால் முழு நேரயனி உருவாவதே இல்லை.

புரோமின், எந்தப் பக்கத்திலிருந்து

புரோமின் மூலக்கூறு இரட்டைப் பிணைப்பை நெருங்கும்போது ஒரு புரோமின் இரண்டு கார்பனோடும் சேர்ந்து மூவணு வளையமாகிறது, அதுதான் புரோமோனியம் அயனி. முன்வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவர் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். இரண்டாவது புரோமைடு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தாக்க முடியும். எனவே சைக்ளோஹெக்சீனில் டிரான்ஸ்-1,2-டைபுரோமோசைக்ளோஹெக்சேன் மட்டுமே. பியூட்-2-ஈனில் டிரான்ஸிலிருந்து மீசோ (உள்ளேயே சமச்சீர் உள்ள ஒரே சேர்மம்), சிஸ்ஸிலிருந்து சுழிமாய்க் கலவை (ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரண்டும் சம அளவில்). இதை ஒரு முறையாவது தாளில் வரைந்து சரிபாருங்கள், சொல்லிக் கேட்டு வராது.

கரைப்பான் நீராக இருந்தால்? சுற்றிலும் இருப்பது நீர், புரோமைடை விட அதுதான் முந்திக்கொள்ளும். அதுவும் நேர்மின்சுமை அதிகம் சாய்ந்திருக்கும் கார்பனை, அதாவது ஆல்கைல் அதிகம் உள்ளதைத் தாக்கும். புரொப்பீனும் புரோமின் நீரும் சேர்ந்தால் 1-புரோமோபுரொப்பேன்-2-ஆல் முதன்மையாக வருகிறது. முதலில் ஒட்டியது புரோமின், அது கடைசிக் கார்பனில். பின்னால் வந்தது நீர். மறுபடி அதே வரிசை.

ஆய்வகத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். சைக்ளோஹெக்சீன், சைக்ளோஹெக்சேன் இரண்டையும் தனித்தனிச் சோதனைக் குழாயில் எடுத்து, புரோமின் நீர் சில துளி விட்டுக் குலுக்குங்கள், காற்றுவெளியேற்றி உள்ள மேடையில்தான். இரண்டிலும் அடியில் இருக்கும் நீர் அடுக்கு வெளுத்துவிடும். சைக்ளோஹெக்சேனும் வினைபட்டுவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள், மேல் அடுக்கைப் பாருங்கள். சைக்ளோஹெக்சேனில் ஆரஞ்சு நிறம் அப்படியே மேலே ஏறி உட்கார்ந்திருக்கும், புரோமின் நீரை விட்டு அதில் கரைந்திருக்கிறது, அவ்வளவே. சைக்ளோஹெக்சீனில் மேல் அடுக்கும் நிறமற்றுப் போயிருக்கும். அதுதான் வினை நடந்ததற்கு அடையாளம்.

பேயர் சோதனையில் குளிர்ந்த நீர்த்த பெர்மாங்கனேட்டின் ஊதா போய், பழுப்பு நிற மாங்கனீசு டைஆக்சைடு படியும். இரண்டு ஹைட்ராக்சிலும் ஒரே பக்கம் சேர்ந்த டையால் கிடைக்கும். ஆல்டிஹைடும் இந்த நிறத்தைப் போக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி ஆல்கீன் என்று முடிவு கட்டாதீர்கள். சூடான அடர் பெர்மாங்கனேட் என்றால் டையாலோடு நிற்காது, இரட்டைப் பிணைப்பையே இரண்டாக வெட்டும்.

ஓசோன் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஓசோனும் பிறகு துத்தநாகம், நீரும் சேர்த்தால் இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்தில் இரண்டு கார்பனிலும் ஆக்சிஜன் வந்துவிடும். பெரும்பாலும் விளைபொருளைக் கொடுத்து ஆல்கீனைக் கேட்பார்கள். வழி மிக எளிது: இரண்டு விளைபொருளையும் ஆக்சிஜன்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வரையுங்கள், ஆக்சிஜன்களை அழியுங்கள், மிஞ்சிய இரண்டு கார்பனையும் இரட்டைக் கோட்டால் இணையுங்கள். அசிட்டோனும் அசிட்டால்டிஹைடும் கிடைத்தால்? 2-மெத்தில்பியூட்-2-ஈன். கார்பன் எண்ணிக்கை மூன்றும் இரண்டும் ஐந்து, சரியாக இருக்கிறது. ஒரே விளைபொருள்தான், ஒரே ஒரு கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) என்றால் ஆல்கீன் நடுவில் சமச்சீராக இருந்திருக்கிறது. ஒரே விளைபொருளில் இரண்டு கார்பனைல் என்றால் வளையத்தைத் தேடுங்கள். ஹெக்சேன்டையல் (hexanedial) என்ற ஆல்டிஹைடு சைக்ளோஹெக்சீனிலிருந்து வருகிறது.

தயாரிப்பு பற்றிச் சுருக்கமாக. எத்தனாலும் அடர் கந்தக அமிலமும் 170 டிகிரி செல்சியஸில் ஈத்தீன் தரும், 140-இல் ஈதர். ஆல்கைல் ஹாலைடும் ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் என்றால் நீக்க வினை, ஆல்கைல் தொகுதி அதிகமுள்ள ஆல்கீனே முதன்மை, இது சைட்செஃப் விதி. மார்கோவ்னிகாஃபும் சைட்செஃபும் கசானில் பட்லெரோவிடம் படித்தவர்கள், இருவருக்கும் ஆகாது என்பார்கள். 2-புரோமோபியூட்டேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பியூட்-2-ஈன்தான். பருமனான டெர்ஷியரி பியூட்டாக்சைடைக் காரமாகப் போட்டால் எளிதில் எட்டுகிற ஓரத்து ஹைட்ரஜனைப் பிடுங்கி பியூட்-1-ஈனின் பங்கைக் கூட்டிவிடும். வினாத்தாளில் நீரில் கரைந்த காரமா, ஆல்கஹாலில் கரைந்ததா என்று ஒரு சொல்தான் வேறுபடும். அதை வட்டம் போட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

கடைசியாக ஒரு ஆல்கீனை எடுத்து எல்லாவற்றையும் அதன் மேல் போட்டுப் பாருங்கள்: 3,3-டைமெத்தில்பியூட்-1-ஈன். விடையை மறைத்துக்கொண்டு எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள். பெராக்சைடு இல்லாமல் ஹைட்ரஜன் புரோமைடு: ஈரிணைய அயனி, பக்கத்திலிருந்து மெத்தில் தாவுகிறது, முதன்மையாக 2-புரோமோ-2,3-டைமெத்தில்பியூட்டேன். பெராக்சைடோடு: தனி உறுப்பில் இந்தத் தாவல் கிடையாது, 1-புரோமோ-3,3-டைமெத்தில்பியூட்டேன். நீர்த்த கந்தக அமிலம்: மறுபடி மெத்தில் தாவி 2,3-டைமெத்தில்பியூட்டேன்-2-ஆல். மெர்க்குரி வழி: தாவல் இல்லை, 3,3-டைமெத்தில்பியூட்டேன்-2-ஆல். போரேன் வழி: 3,3-டைமெத்தில்பியூட்டேன்-1-ஆல். ஓசோனும் துத்தநாகமும்: ஃபார்மால்டிஹைடும் 2,2-டைமெத்தில்புரொப்பனல் என்ற ஆல்டிஹைடும். மூன்று ஆல்கஹாலும் வெவ்வேறாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது இரண்டு ஒன்றாக வந்திருந்தால், மெத்தில் தாவ வேண்டிய இடத்தில் விட்டிருப்பீர்கள், அல்லது தாவக்கூடாத இடத்தில் தாவ வைத்திருப்பீர்கள்.